தாயம் முதல் டிராகன் வரை

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாலு பேர் சேர்ந்து மாடிப் போர்ஷன் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறார்களாம். எல்லோருக்கும் ஆபீஸ் வேலை. யாருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

'ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆனால் நாலு பேரும் நாலு சுவரில் சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஒருத்தன் போனிலேயே ரம்மி ஆடி, பத்து மாசச் சேமிப்பைத் தொலைத்துவிட்டான். இப்போது ஆடுவதில்லை. ஆனால் கை பரபரக்கிறது என்கிறான். காசு வைக்காமல் நாலு பேர் உட்கார்ந்து ஆட என்ன விளையாட்டு இருக்கிறது? கேரம் போர்டு தவிர வேறு சொல்லவும். ஹவுஸ் ஓனர் கீழ் போர்ஷனில் இருக்கிறார். ஸ்டிரைக்கர் சத்தம் அவருக்கு ஆகாது.'

நியாயமான கேள்வி. ஹவுஸ் ஓனர் பிரச்னை அதைவிட நியாயமானது.

முதலில் பெயர். இங்கிலீஷ்காரர்கள் இதையெல்லாம் டேபிள்டாப் கேம்ஸ் என்கிறார்கள். மேஜை மேல் ஆடுவது. நமக்கு மேஜையெல்லாம் எதற்கு? பாய் போதும், திண்ணை போதும். கோயில் மண்டபத்துக் கல்தரையில் ஆடுபுலிக் கட்டம் செதுக்கி வைத்துவிட்டுப் போன பரம்பரை நாம்.

'விளையாட்டுன்னா விளையாட்டுதானே ஸார், அதுல என்ன வகை?' என்று கேட்காதீர்கள். டிபன் என்றால் எல்லாம் ஒன்றா? இட்லி வேறு, பரோட்டா வேறு. எந்த விளையாட்டைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள், ஜாதகம் தெரிந்துவிடும். ஒன்று: இதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, மூளை எவ்வளவு? இரண்டு: எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று: யார் யாருக்கு எதிரி?

இந்த மூன்று கேள்வியோடு ஒரு ரவுண்டு போய் வருவோம்.

உருட்டு... நகர்த்து!

எல்லாவற்றுக்கும் மூத்த ஜாதி இது. தாயம், சொக்கட்டான், பரமபதம். வடக்கே இதற்குப் பச்சீசி என்று பெயர். அதைத்தான் வெள்ளைக்காரன் சுருக்கி, லூடோ என்று பெயர் வைத்து, 1896-ல் இங்கிலாந்தில் பேடண்ட் வாங்கினான். நம் பரமபதமும் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலேறிப் போய் 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆனது. போகிற வழியில் புண்ணியம், பாவம், வைகுண்டம் எல்லாம் கடலில் விழுந்துவிட்டன. பாம்பும் ஏணியும் மட்டும் கரையேறின.

பரமபதத்தில் நீங்கள் எடுக்கிற முடிவு ஒன்றே ஒன்றுதான்: ஆட உட்காருவது. மற்றதெல்லாம் விதி. அதனால்தான் ஐந்து வயசுப் பேத்தியிடம் எழுபது வயசுத் தாத்தா மானம் போகாமல் தோற்க முடிகிறது.

தாயம் அப்படி இல்லை. எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்று யோசிக்க இடமுண்டு. ஆனால் ஆட்டத்துக்குள் நுழையவே தாயம் விழ வேண்டுமே! இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு பக்கம். ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் - அதாவது ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் வெறுமை - இரண்டு விதமாகத்தான் வரும். எட்டில் ஒரு பங்கு. 'எட்டு தடவை உருட்டினால் நிச்சயம் ஒரு தாயம்' என்று மனசு சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லாது. எட்டு தடவை உருட்டியும் தாயமே விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வாய்ப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி தாயம் விழாமல் அரை மணி உட்கார்ந்திருந்தால் அது மாமியின் ராசியல்ல. சாதாரணம்.

இந்த 'அடுத்த தடவை நிச்சயம் விழும்' இருக்கிறதே, இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

எல்லாம் வெட்டவெளிச்சம்

நேர் எதிர்க் கோடியில் செஸ். அதிர்ஷ்டம் பூஜ்யம், ரகசியம் பூஜ்யம். எல்லாக் காயும் இரண்டு பேர் கண்ணெதிரே. தோற்றால் பழி போட ஆளே கிடையாது. நம்ம ஊர் ஆடுபுலி ஆட்டமும் இந்த ஜாதிதான். மூன்று புலி, பதினைந்து ஆடு, இரண்டு தரப்புக்கும் வேறு வேறு ஆயுதம். சீனாவில் பிறந்த கோ என்ற ஆட்டமும் இதே ரகம். குறுக்கும் நெடுக்கும் பத்தொன்பது கோடு, கறுப்புக் கல், வெள்ளைக் கல், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் செஸ் சாம்பியனை 1997-லேயே ஜெயித்துவிட, கோ ஆட்டத்தின் முன்னணி வீரர் லீ செடோலை வீழ்த்த 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செஸ்ஸைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயசு குகேஷ் உலக சாம்பியன். தெருவுக்குத் தெரு செஸ் கிளாஸ்.

ஆனால் நாலு பேர் தங்கியிருக்கும் ரூமுக்கு இது சரிப்படாது. ஒரு ஆட்டத்தில் இரண்டு பேர்தான். மற்ற இரண்டு பேர் பின்னால் நின்று 'குதிரையை எடுடா' என்பார்கள். தவிர, நன்றாக ஆடுகிறவனே ஒவ்வொரு வாரமும் ஜெயிப்பான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்குத் தலைவலி வந்துவிடும்.

வாடகை கொடு!

இப்போது என் பேட்டை. பி.காம். படித்தவனை மோனோபோலி பற்றி எழுதச் சொன்னால் பத்து பக்கம் எழுதுவான். நம் வீடுகளில் 'டிரேட்', 'பிஸினஸ்' என்ற பெயர்களில், பம்பாய், டெல்லி, சென்னை எல்லாம் போட்ட அட்டையோடு வந்ததே, அதன் மூல அவதாரம்.

நிலத்தை வாங்கு, வீடு கட்டு, வருகிறவனிடமெல்லாம் வாடகை பிடுங்கு, மற்றவன் திவாலாகும் வரை விடாதே... முதலாளித்துவத்தின் பாலபாடம் என்று நினைக்கிறீர்களா? கண்டுபிடித்தவர் நினைத்தது நேர்மாறு.

எலிசபெத் மேகி என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஸ்டெனோகிராபராக வேலை பார்த்தவர். நிலத்தைக் கையில் வைத்திருப்பவன் உழைக்காமலே பணக்காரனாகிறான், மற்றவன் வாடகை கட்டியே ஒழிகிறான் என்று சொன்ன ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதாரக்காரரின் சிஷ்யை. பிரசங்கம் செய்தால் யார் கேட்பார்கள்? அட்டையில் கட்டம் போட்டு 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' - நிலச்சுவான்தார் ஆட்டம் - என்று ஒன்று செய்து, 1904-ல் பேடண்ட் வாங்கினார். அதற்கு இரண்டு விதமான விதி வைத்தார். ஒன்றில் ஒருத்தன் எல்லாவற்றையும் சுருட்டுவான். இன்னொன்றில் ஒருத்தன் சம்பாதித்தால் எல்லோருக்கும் பங்கு வரும். இரண்டையும் ஆடிப் பார்த்து ஜனங்கள் புத்தி தெளிவார்கள் என்பது அவர் கணக்கு.

ஜனங்கள் ஆடிப் பார்த்தார்கள். சுருட்டுகிற ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கையால் வரைந்த அட்டைகளில் காலேஜுக்குக் காலேஜ், ஊருக்கு ஊர் அது பரவியது. முப்பதுகளில் வேலையில்லாமல் இருந்த சார்லஸ் டாரோ என்பவர் நண்பர்கள் வீட்டில் ஆடிக் கற்றுக்கொண்டு, தன் கண்டுபிடிப்பு என்று சொல்லி 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார். கோடீஸ்வரர் ஆனார். கம்பெனி பழைய பேடண்டைத் தேடிப் பிடித்து மேகிக்குக் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? 500 டாலர். விற்பனையில் பங்கு? மூச்! பல வருஷம் கழித்து, ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 'ஆன்ட்டி மோனோபோலி' என்று ஓர் ஆட்டம் செய்து, அதற்காகக் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டு, தன் கேஸுக்காகப் பழங்கதையைத் தோண்டியபோதுதான் மேகியின் பெயர் வெளியே வந்தது. ஏகபோகத்தைக் கண்டித்துச் செய்த ஆட்டத்தையே ஏகபோகமாக அடித்துக்கொண்டு போனார்கள். இதற்கு மேல் அந்த ஆட்டத்தை விளக்க வேண்டுமா?

இன்னொரு சமாசாரம். 'இந்த ஆட்டம் முடியவே மாட்டேங்குது ஸார்' என்பார்கள். கூடவந்த விதிப் புத்தகத்தைப் படியுங்கள். ஒருத்தர் வந்து நின்ற இடத்தை அவர் வாங்காவிட்டால் உடனே ஏலம் விடவேண்டும் என்று போட்டிருக்கிறது. ஏலம் விடுகிற வீட்டை நான் பார்த்ததேயில்லை! கூடவே, அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து, ஒரு கட்டத்தில் வந்து நிற்பவனுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். அது விதியிலேயே கிடையாது. சரக்கு விலை ஏறாமல் புழக்கத்தில் பணம் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தால் எவன் திவாலாவான்? ஆட்டம் ராத்திரி பதினொன்று வரை போகத்தான் செய்யும்.

இதன் பெரிய குறை வேறு. எட்டு மணிக்குத் திவாலானவன் பத்து மணி வரை என்ன செய்வான்? செல்போனை எடுப்பான்.

ஜெர்மனிக்காரன் வைத்தியம்

இந்தக் குறைக்கு ஜெர்மனியில் வைத்தியம் கண்டுபிடித்தார்கள். அங்கே குடும்பமாக உட்கார்ந்து ஆடுவது ஒரு கலாசாரம். வருஷத்தின் சிறந்த ஆட்டத்துக்கு 1979-லிருந்து பரிசு கொடுக்கிறார்கள். எஸ்ஸன் என்ற ஊரில் 1983-லிருந்து வருஷா வருஷம் விளையாட்டுச் சந்தை. நம்ம புத்தகக் கண்காட்சி மாதிரி கூட்டம் அள்ளும்.

கிளாஸ் டொய்பர் என்று ஒருவர். பல் கட்டுகிற லேபில் வேலை. பகலெல்லாம் பல், ராத்திரியெல்லாம் வீட்டு அடித்தளத்தில் அட்டை வெட்டுவது. 1995-ல் அவர் கொண்டுவந்ததுதான் கட்டான். அந்த வருஷப் பரிசு அதற்கே. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. 2023-ல் அவர் காலமானபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் இரங்கல் எழுதின.

ஆட்டம் இப்படி: அறுகோணத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு தீவு. மரம், செங்கல், ஆட்டு ரோமம், கோதுமை, தாது என்று ஐந்து சரக்கு. ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு நம்பர். இரண்டு பகடையை உருட்டி, அந்த நம்பர் விழுந்தால், பக்கத்தில் குடியிருப்பு வைத்திருப்பவனுக்கெல்லாம் சரக்கு. அடுத்தவன் உருட்டினாலும் உங்களுக்கு வரும். ஆகவே யாரும் தூங்க முடியாது. ஒரு மரம், ஒரு செங்கல் கொடுத்தால் ரோடு. மூன்று தாது, இரண்டு கோதுமை கொடுத்தால் குடியிருப்பு நகரமாகும். பத்து பாயிண்ட் முதலில் எடுத்தவன் ஜெயித்தான். யாரும் நடுவில் வெளியே போவதில்லை. ஒன்றரை மணியில் முடிந்துவிடும்.

பகடைக் கணக்கு தெரிந்தவனுக்கு இதில் கொஞ்சம் சௌகரியம். இரண்டு பகடை 36 விதமாக விழும். அதில் ஏழு வருவது ஆறு விதம். ஆறும் எட்டும் ஐந்தைந்து விதம். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதம்தான். 'எனக்குப் பன்னிரண்டு ராசி' என்று அங்கே போய் வீடு கட்டுகிறவன் கடைசி வரை குடிசையில்தான் இருப்பான். ஏழு விழுந்தால் சரக்கு யாருக்கும் கிடையாது. திருடன் வருவான். கையில் ஏழு சீட்டுக்கு மேல் பதுக்கியிருப்பவன் பாதியைக் கட்டவேண்டும். வருமான வரித்துறை கெட்டது போங்கள்!

ஆனால் ஆட்டத்தின் உயிர் பேரத்தில் இருக்கிறது. 'ஒரு ஆடு குடு மச்சான், ரெண்டு செங்கல் தர்றேன்.' 'அவனுக்குக் குடுக்காதடா, அடுத்த ரவுண்டுல ஜெயிச்சிடுவான்!' ஒரே ரூமில் இருந்துகொண்டு வாரக்கணக்கில் 'லைட்டை அணை'க்கு மேல் பேசாதவர்கள் இங்கே ஒன்றரை மணி நேரம் வாய் மூடாமல் பேசுவார்கள். எனக்கு இந்த ரகத்தின் மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

எல்லோரும் ஒரே கட்சி

மூன்றாவது கேள்வி, யார் யாருக்கு எதிரி? 'யாரும் இல்லை' என்று பதில் சொல்கிற ரகமும் உண்டு. மாட் லீகாக் என்பவர் செய்து 2008-ல் வந்த பாண்டமிக். உலகப் படத்தில் நாலு கொள்ளை நோய் பரவுகிறது. ஆடுகிறவர்கள் டாக்டர், விஞ்ஞானி என்று ஆளுக்கொரு வேஷம். நாலுக்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லோரும் ஜெயித்தார்கள். இல்லாவிட்டால் எல்லோரும் காலி. அந்தப் படத்தில் நம்ம சென்னையும் ஒரு ஊர். சென்னையில் நோய் முற்றினால் மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என்று கோடு போகிற ஊருக்கெல்லாம் தாவும். இதை 2008-ல் விளையாட்டாக ஆடினவர்கள் 2020-ல் எப்படித் திகைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரே ஆபத்து: நாலு பேரில் ஒருத்தன் மேனேஜர் ஆகிவிடுவான். 'நீ கெய்ரோ போ, நீ மாத்திரை எடு' என்று எல்லோர் காயையும் அவனே நகர்த்துவான். ஆபீஸில் பார்ப்பது போதாதா? 'உன் முறையில் உன் காயைப் பார்' என்று ஆரம்பத்திலேயே சட்டம் போட்டுவிடுங்கள்.

திருடன் யார்?

சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் ஆடாத தமிழன் உண்டா? போலீஸ் எழுந்து முகம் முகமாகப் பார்த்துத் திருடனைப் பிடிக்கவேண்டும். இதுதான் மறைமுக வேஷ ஆட்டம். எண்பதுகளில் மாஸ்கோ யுனிவர்சிடி சைக்காலஜி மாணவர் டிமித்ரி டேவிடாஃப் 'மாஃபியா' என்ற பெயரில் கொண்டுவந்து, உலகம் முழுக்கப் பரவிய ஆட்டமும் இதே பங்காளிதான். ராத்திரி எல்லோரும் கண்ணை மூட, மாஃபியாக்காரர்கள் மட்டும் கண் திறந்து ஒருத்தரைத் தீர்த்துக்கட்டுவார்கள். பகலில் எல்லோரும் விவாதித்து, ஓட்டுப் போட்டு, சந்தேகப்பட்டவரை வெளியேற்றுவார்கள். செலவு: ஒரு வெள்ளைத்தாள். பத்து பேராவது வேண்டும். ஆபீஸ் டூருக்கு உத்தமம். அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் யார் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கதை சொல்லி ஆடுவது

கேரி கைகாக்ஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். இன்ஷூரன்ஸ்காரர்களை இனி லேசாக நினைக்காதீர்கள்! இவரும் டேவ் ஆர்ன்சனும் சேர்ந்து 1974-ல் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஒரு தனி உலகம். இதில் அட்டை கட்டாயமில்லை. கட்டமும் கட்டாயமில்லை. ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் பாத்திரங்கள்.

'முன்னால் பாழடைந்த மண்டபம். உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?'

'நான் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறேன்.'

'சரி, உருட்டு.'

இருபது முகப் பகடை. பெரிய எண் விழுந்தால் பார்த்துவிட்டீர்கள். சின்ன எண் விழுந்தால் உள்ளே இருந்தது உங்களைப் பார்த்துவிட்டது. பாட்டி கதை சொல்லும்போது 'ராஜகுமாரன் ஏன் பாட்டி அந்தக் கதவைத் திறந்தான்?' என்று நாம் கேட்போமே, இங்கே திறப்பதா வேண்டாமா என்று நீங்களே தீர்மானிக்கலாம். ஜெயிப்பு, தோல்வி கிடையாது. ஒரே கதை வாரா வாரம், வருஷக்கணக்கில்கூடப் போகும். மெகா சீரியல் மாதிரிதான். அழுகை மட்டும் குறைவு.

சுண்டுகிற விரல், குலுக்குகிற கை

ஹவுஸ் ஓனர் மன்னிக்கவும். கேரம் இல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் சென்னை என்னை மன்னிக்காது. இது கைத்திறன் ரகம். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, நடுவில் சிவப்பு. நம்ம சென்னை மரிய இருதயம் இரண்டு தடவை உலக சாம்பியன். 1996-ல் அர்ஜுனா விருது.

சீட்டில் கழுதை, ஆஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும். ஊனோ, 1971-ல் ஒஹையோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் என்பவர் செய்தது. சேர்த்து வைத்து மோதும் சீட்டு ரகத்தை 1993-ல் ஆரம்பித்து வைத்தது 'மேஜிக்'. செய்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணக்கு வாத்தியார். தொண்ணூறுகளில் மல்யுத்த டிரம்ப் கார்டுக்காக ஸ்கூலில் சண்டை போட்டவர்களுக்கு இதன் போதை சுலபமாகப் புரியும். பர்ஸுக்கு ஆபத்தான ரகம், ஜாக்கிரதை.

அந்தப் பரபரக்கும் கைக்கு

இப்போது அந்த நாலாவது நண்பருக்கு. ரம்மி திறமை ஆட்டம்தான் என்று சுப்ரீம் கோர்ட்டே 1967-ல் சொல்லியிருக்கிறது. பிறகு ஏன் இவர் தோற்றார்? ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன்.

சமமான திறமையுள்ள இரண்டு பேர், ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய். ஆடவிடுகிற கம்பெனி பத்து சதவீதம் கழிவு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஜெயித்தவனுக்கு 200-க்குப் பதில் 180. நூறு ஆட்டம் ஆடினால் ஆளுக்கு 10,000 ரூபாய் போட்டிருப்பார்கள். ஐம்பது ஜெயித்தால் திரும்பி வருவது 9,000. இரண்டு பேருக்குமே ஆயிரம் ரூபாய் நஷ்டம்! நூறில் ஐம்பது ஜெயித்தும் தோல்வி. ஜெயித்தவன் யார்? சீட்டே தொடாதவன். இது ஆட்டமில்லை ஸார், மேஜைக்கு வாடகை. எலிசபெத் மேகி இதைத்தான் 1904-லேயே சொன்னார்.

ரூமில் நாலு பேர் ஆடினால் பத்து ரூபாய் தோற்றாலும் அது ரூமுக்குள்ளேயே இருக்கும். 'போதும்டா, படு' என்று சொல்ல ஒருத்தன் இருப்பான். போனில் அதைச் சொல்ல ஆளில்லை. 'அடுத்த தடவை நிச்சயம் விழும்' என்கிற தாயக்கட்டை மனசு மட்டும்தான் துணைக்கு இருக்கும்.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட்டில் சட்டம் நிறைவேறி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை வந்தது. நல்லது. ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும். கையை என்ன செய்வது?

என் சிபாரிசு 'டிக்கெட் டு ரைட்'. ஆலன் மூன் செய்தது. 2004-ல் ஜெர்மன் பரிசு. கலர் கலராக ரயில் சீட்டு. ஐந்து சீட்டு திறந்திருக்கும், மற்றது கட்டில் மூடியிருக்கும். எடுத்து எடுத்து ஒரே கலரில் சேர்த்தால் அந்த வழித்தடம் உங்களுடையது. எதையாவது ஞாபகப்படுத்துகிறதா? சாட்சாத் ரம்மியின் கை! திறந்ததை எடுப்பதா, கட்டிலிருந்து எடுப்பதா என்கிற அதே துடிப்பு. காசு மட்டும் இல்லை. இந்திய ரயில் வரைபடம் ஒன்றும் இதற்கு 2011-ல் வந்தது. விலை கொஞ்சம் அதிகம்தான். நாலாக வகுத்தால் ஒரு சினிமா, ஒரு பிரியாணி. அது இரண்டும் அன்றைக்கே தீர்ந்துபோகும், இது பத்து வருஷம் வரும்.

ஒரு விஷயம் மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். கடன் வாங்கி ஆடியிருந்தால், தூக்கம் போயிருந்தால், அதற்கு அட்டைப்பெட்டி மருந்தல்ல. 14416 என்று அரசாங்கத்தின் டெலி மானஸ் நம்பர் இருக்கிறது. மனநல ஆலோசகர் பேசுவார். கூப்பிடச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நாலு விதி

எந்த ஆட்டமானாலும்:

1. ஒருத்தர் மட்டும் முன்கூட்டியே விதியைப் படித்துவிட்டு வரவேண்டும். நாலு பேரும் சேர்ந்து படித்தால் அது ஆட்டமல்ல, கோர்ட்.

2. புது ஆட்டத்தில் முதல் தடவை ஒத்திகை. ஜெயித்தவன் பெருமை பேசக்கூடாது.

3. செல்போன்கள் நாலும் சமையல் மேடையில், தட்டால் மூடி.

4. பந்தயம் காசில்லை. தோற்றவன் டீ போடவேண்டும். மோசமாகப் போட்டால் அடுத்த வாரமும் அவனே.

பைசா செலவில்லாமல்

சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கிறதா? பேப்பர், பென்சில் எடுங்கள். நீங்கள் நாலு இலக்க எண் ஒன்றை மனசில் நினைக்கவேண்டும். ஒரே இலக்கம் இரண்டு தடவை வரக்கூடாது. எதிராளி ஒரு எண் சொல்வார். இலக்கமும் சரி, இடமும் சரியென்றால் அது காளை. இலக்கம் சரி, இடம் தப்பென்றால் பசு. நீங்கள் நினைத்தது 4719, அவர் சொன்னது 1748 என்றால், ஏழு காளை, ஒன்றும் நாலும் பசு. 'ஒரு காளை, ரெண்டு பசு' என்று மட்டும் சொல்லவேண்டும், எது எது என்று சொல்லக்கூடாது. குறைந்த தடவையில் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர்.

1970-ல் மொர்டெகாய் மெய்ரோவிட்ஸ் இதையே கலர் குண்டூசியாக மாற்றி 'மாஸ்டர்மைண்ட்' ஆக்கினார். நாலு இடம், ஆறு கலர், மொத்தம் 1296 வாய்ப்பு. கம்ப்யூட்டர் மேதை டொனால்ட் நூத் 1977-ல் உட்கார்ந்து கணக்குப் போட்டு, இதில் எதுவாக இருந்தாலும் ஐந்தே தடவையில் பிடித்துவிடலாம் என்று நிரூபித்துவிட்டார்.

நம்ம காளை-பசுவில் முதல் இலக்கமாகப் பூஜ்யத்தையும் சேர்த்துக்கொண்டால் 5040 வாய்ப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எத்தனை தடவை ஆகிறது என்று எழுதுங்கள். ஒரே தடவையில் கண்டுபிடித்தேன் என்று எழுதுகிறவர்களை அடுத்த மாஃபியா ஆட்டத்துக்கு அழைக்கிறேன். அவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறவர்கள் அங்கே நிறையத் தேவைப்படுகிறார்கள்.